ஒரே பிராக்கெட், இரண்டு வயரிங்

ராஜபாளையத்தில் எடைமேடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லாரி எடையைப் பதிவு செய்யும் அவருடைய பழைய கணினியில் மதர்போர்டு போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடையில் அதே காலத்துப் போர்டு கிடைத்தது. மாட்டியபின் எல்லாம் ஓடுகிறது, எடை மட்டும் திரைக்கு வரவில்லை. பயாஸ் சீரியல் போர்ட்டைக் காட்டுகிறது. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டாராம்.

பெட்டியைத் திறந்து பாருங்கள். 1990களின் போர்டுகள் பலவற்றில் சீரியல் போர்ட் பலகையோடு ஒட்டியிருக்காது. பலகையில் இரண்டு வரிசையாகப் பத்து பின்; அங்கிருந்து ஒரு ரிப்பன் வயர் பின்பக்க பிராக்கெட்டில் உள்ள 9 பின் சாக்கெட்டுக்குப் போகும். 1984-ல் ஐபிஎம் ஏடி கொண்டுவந்த அந்த சாக்கெட்டில் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: 2 வாங்கும், 3 அனுப்பும், 5 கிரவுண்ட். ஆனால் பலகையிலுள்ள பத்து பின்னுக்கு அப்படி ஒரு பொது விதி இல்லாமல் போயிற்று.

ரிப்பனை அப்படியே வைத்து அழுத்தினால் அதன் வயர்கள் சாக்கெட்டில் 1, 6, 2, 7, 3, 8, 4, 9, 5 என்ற வரிசையில் போய் உட்காரும். செலவு குறைவு என்று சில கம்பெனிகள் பலகையையே அதற்கேற்ப அமைத்தன. மற்றவை பலகையின் 2 சாக்கெட்டின் 2-க்கு, 3 சாக்கெட்டின் 3-க்கு என்று எண்ணுக்கு எண் வைத்தன. எண்ணுக்கு எண் வைத்த பலகையில், ரிப்பனை அப்படியே அழுத்திய பிராக்கெட்டை மாட்டினால் 1-ஐத் தவிர எதுவும் தன் இடத்தில் இருக்காது. கிரவுண்ட் 3-க்குப் போய்விடும். சத்திரப்பட்டியில் என் பெரியப்பா வீட்டுத் தறியில் பாவு இழை ஒன்று இடம் மாறினால் துணியிலேயே தெரிந்துவிடும். பிராக்கெட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மல்டிமீட்டர் சொல்லிவிடும். கணினி ஓடும்போது கறுப்பு முனையை 5-லும் சிவப்பை 3-லும் வையுங்கள். சும்மா இருக்கும் லைனில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டினால் வயரிங் சரி. பூஜ்யம் என்றால் பிராக்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

இதைப் பார்க்காமலே நல்ல போர்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். மெக்கானிக்குகள் போர்டைக் கழற்றும்போது அதன் பிராக்கெட்டையும் சேர்த்தே கட்டி வைக்க வேண்டும். எடைமேடை நண்பரே, உங்களுக்குத் தேவை ஒன்பது வயரை எண் பார்த்துப் பற்றவைக்கும் ஒரு கை மட்டுமே. புதுக் கணினி வாங்க வேண்டாம்.