பழைய வீணை கைமாறும்போது

பழைய தஞ்சாவூர் வீணைக்கு விலை பேசுபவர்கள் அதன் வயதைக் கேட்பதற்கு முன் உடம்பைப் பார்க்கிறார்கள். குடம், தண்டி, யாளித்தலை மூன்றும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்ததானால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து சேர்த்ததானால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால் ஒட்டை ஏகாண்டம் என்று சொல்லி விற்கும் ஆசையும் அதிகம். குடமும் தண்டியும் சேரும் இடத்தை அலங்காரப் பட்டை மூடியிருக்கும். பார்வை முதலில் போக வேண்டியது அங்கேதான்.

மராமத்து ஆன வீணை என்றாலே விலை இறங்கிவிடும் என்று விற்பவர்கள் பயப்படுகிறார்கள். இது பாதிதான் சரி. ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நிலைபெற்றதாகச் சொல்லப்படும் அமைப்பின்படி தண்டியில் 24 மெட்டுகள் இருக்கும். அவை நிற்பது கரி கலந்த தேன்மெழுகில். வெயிலில் மெழுகு இளகும், நாள்பட்டால் காய்ந்து வெடிக்கும். மெட்டு நகர்ந்தால் சுருதி விலகும். அதனால் அவ்வப்போது மேளம் கட்டித்தான், அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதிக்கு மீண்டும் நிறுத்தித்தான், ஆக வேண்டும். அண்மையில் மேளம் கட்டிய வீணை வாங்குபவருக்கு லாபமே. அதைப் போய் மறைப்பானேன்? பிருடை, தந்தி, சுரைக்குடுக்கை மாற்றியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

குடத்தின் விரிசல் வேறு சங்கதி. பசையும் மரத்தூளும் அடைத்து மேலே மெருகு பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விரலை மடக்கிக் குடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால், பிடிப்பு விட்ட இடத்தில் ஓசை கரகரக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது தண்டி வளைவு. தந்தியின் உயரத்தைச் சரிக்கட்ட மெழுகையே ஏற்றி இறக்கி மேளம் கட்டிவிட முடியும். ஆகவே மெழுகுத் திட்டு ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. காண்டாக்ட் மைக் வைக்க யாரோ போட்ட துளையையும் சொல்லிவிடுவது நல்லது.

பழுதே இல்லாத வீணையும் அலங்காரத்தால் சிக்கலில் மாட்டலாம். முன்பு யானைத் தந்தமும் மான்கொம்பும் பதித்தார்கள், இப்போது பிளாஸ்டிக்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991ஆம் ஆண்டுகளில் அதில் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முற்றிலும் அடைத்துவிட்டன. தாத்தா காலத்துப் பொருள் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பதித்தது என்னவென்று தெரியாவிட்டால், விளம்பரம் கொடுக்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுத் தமிழர்களும் இதைத் தேடுகிறார்கள். ஆனால் நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள், 1972இலேயே வந்த இன்னொரு சட்டப்படி, தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. வயது குறைந்த வீணையானாலும் பார்வைக்குப் பழசாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புவதே பாதுகாப்பு.