பழைய பைக், புதிய கை

இந்தியப் பழைய வண்டிச் சந்தையில் ‘வின்டேஜ்’ என்ற சொல் மிகத் தளர்வாகப் புழங்குகிறது. டேங்கில் கொஞ்சம் குரோம் மின்னி, முகப்பில் வட்ட விளக்கும் இருந்துவிட்டால், இருபது ஆண்டு கடந்த எந்த மோட்டார் சைக்கிளும் அந்தப் பெயருக்கு உரியதாகிவிடுகிறது. பிரிட்டனின் பழைய மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள், கறாரான வழக்கில், 1930க்குப் பிந்திய வண்டியை அச்சொல்லால் குறிப்பதில்லை. இந்திய அரசு 2021இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத வண்டியே வின்டேஜ் என்று வரையறுத்து, அதற்கெனத் தனிப் பதிவெண் வரிசையையும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணத்தையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் விதித்தது. ஆகவே ஓட்டிப் பழக நினைப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது சட்டம் சொல்லும் வின்டேஜ் அன்று. சாதாரணப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கும் பழைய வண்டியே அவருக்குப் பொருந்தும்.

அத்தகைய வண்டிகளின் பட்டியல் பெரிதன்று. சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்ததன் விளைவாகத் திருவொற்றியூரில் உருவான புல்லட், மைசூரில் அறுபதுகளின் தொடக்கம் முதல் 1996 வரை தயாரான ஜாவாவும் அதன் பின்னுருவான எஸ்டியும், போலந்து வடிவமைப்பைத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜ்தூத் ஆகிய மூன்றும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இந்தியச் சாலைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1984 முதல் ஜப்பானியக் கூட்டுறவில் 100 சி.சி. வண்டிகள் அணிவகுத்து வந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, அடுத்த ஆண்டில் ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100, அதற்கடுத்து கவாசாகி பஜாஜ் என அவை இறங்கியபின் பழைய மூவரில் புல்லட் மட்டுமே தாக்குப்பிடித்தது. இன்று மலிவான பழைய பைக் தேடுபவர் இந்த இரு தலைமுறைகளுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது.

பழைய வண்டியின் விலையைத் தீர்மானிப்பது அதன் எஞ்சின் நிலை என்று நினைப்பது புதியவர் செய்யும் முதல் பிழை. ஏக்கமும் சினிமாவும் அதன் விலையில் பாதியைத் தீர்மானித்துவிடுகின்றன. கல்லூரி நாட்களில் எட்டாத வண்டியை நாற்பதுகளில் வாங்க வரும் ஒரு தலைமுறையே மீதியையும் ஏற்றிவிடுகிறது. 1996இல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ்.100க்கு, நன்கு புதுப்பிக்கப்பட்டிருந்தால், லட்சம் ரூபாயைத் தாண்டியும் விலை கேட்கப்படுகிறது. எனவே மலிவு என்பதை வாங்கும் விலையால் மட்டும் அளக்காமல், உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா, கையில் அழுக்குப் படியப் பழகிய மெக்கானிக் ஒருவர் அருகில் இருக்கிறாரா, காகிதங்கள் சுத்தமா என்ற மூன்றாலும் அளந்தால், எவரும் பாட்டுக் கட்டாத வண்டியே புதியவருக்கு ஏற்றது என்பது தெளிவாகும்.

ஆர்.எக்ஸ்.100ன் புகழுக்குக் காரணம் இல்லாமலில்லை. 98 சி.சி. கொள்ளளவிலிருந்து 11 குதிரைத்திறன் எடுக்கும் அதன் எஞ்சின், நூறு கிலோவை ஒட்டிய எடையைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அது டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. அதாவது, எரிபொருளை உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளித்தள்ளுதல் ஆகிய நான்கு வேலைகளையும் பிஸ்டன் ஒரு முறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் முடித்துவிடுவதால், ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் உந்துதல் இதில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது. அந்த ‘பிக்கப்’ புதியவரின் மணிக்கட்டுக்குப் பழக நாளாகும். மேலும், டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை மிகக் குறைவு. வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு முழுவதும் சிறிய டிரம் பிரேக்குகள் மீதே விழுகிறது. வேகமாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் வண்டியில் ஓட்டப் பழகுவது எந்த வகையிலும் புத்திசாலித்தனமன்று.

ஜாவா, எஸ்டி வண்டிகளும் டூ-ஸ்ட்ரோக்கே. ஆனால் அவற்றின் குணம் நிதானமானது. அவற்றில் புதியவரைத் திகைக்க வைப்பது ஒரே நெம்புகோல் இரண்டு வேலை செய்வதே: இடப்பக்கம் உள்ள கியர் லீவரை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கராகிறது, வண்டி கிளம்பியபின் முன்னோக்கி மடக்கினால் மறுபடியும் கியர் லீவராகிறது. ஆர்.எக்ஸில் பெட்ரோலோடு கலக்கும் டூ-டி ஆயிலுக்குத் தனித் தொட்டியும் அதை அளந்து ஊட்டும் பம்பும் உண்டு. ஜாவாவிலோ பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் ஆயிலையும் சேர்த்துக் கலக்க வேண்டும், ஒரு முறை மறந்தாலும் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். 2018க்குப் பின் அதே பெயரில் சந்தைக்கு வந்த புதிய ஜாவாவின் பாகங்கள் எதுவும் பழையதில் பொருந்தா என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘கம்பெனிதான் திரும்ப வந்துவிட்டதே, பார்ட்ஸுக்கு என்ன கவலை’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ராஜ்தூத் எளிய, முரட்டு வண்டி. ஆனால் தென்னகத்தில் அதன் பாகங்களைத் தேடியே ஓய்ந்துபோக நேரும்.

புல்லட்டின் நிலை வேறு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 மாதிரிக்கு இன்றும் உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கிறது. தெரிந்த மெக்கானிக் சிற்றூர்களிலும் உண்டு. ஆனால் 160 கிலோவைத் தாண்டும் எடை, வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற தலைகீழ் அமைப்பு ஆகிய இரண்டும் தொடக்கத்தில் பழகுபவருக்குச் சுமை. தலைகீழாகப் பழகிய கால், பின்னர் வேறு வண்டியில் ஏறும்போது, அவசரத்தில் பிரேக்குக்குப் பதிலாகக் கியரை மிதித்துவிடும். புல்லட்டைக் கிளப்புவதும் ஒரு சடங்கு. சாவியைத் திருப்பியபின் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலுள்ள அம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்கு வந்ததும் பிஸ்டன் ஏறத்தாழ உச்சியை எட்டிவிட்டது என்று பொருள். அப்போது இடக்கைப் பக்கமுள்ள டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, சிலிண்டருக்குள் இறுகியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிக் கிக்கரை ஓரங்குலம் இறக்கி, லீவரை விட்டபின், கிக்கரை மேலே வரவிட்டு முழுதாக ஓங்கி மிதிக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த அடியில் கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

இந்த வரிசையில் எவரும் பெருமையாகப் பேசாத சி.டி.100உம் அதன் தம்பிகளுமே முதல் வண்டியாக வாங்கத் தகுந்தவை என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. 97.2 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக்கான அந்த எஞ்சினின் வம்சம் 1994இல் வந்த ஸ்பிளெண்டர் வழியாக இன்றுவரை அறாமல் தொடர்வதால், பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் என எதைக் கேட்டாலும் வட்டத் தலைநகரின் கடைகளிலேயே கிடைத்துவிடுகிறது. நின்றுபோன வண்டியும் நிற்காத வண்டியும் ஒரே குடும்பமாக இருக்கும் அபூர்வ வசதி அது. அழகில் ஒரு படி மேலே வேண்டுமென்றால் ஓசூரில் தயாரான சுசுகி சாமுராய் போன்ற அடக்கமான டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்க்கலாம், ஆர்.எக்ஸின் விலையை அவை இன்னும் எட்டவில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் செய்ய வேண்டியது எஞ்சினைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. அது வெதுவெதுப்பாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எத்தனை கிக்கில் எழுகிறது என்பதே நம்பத்தக்க சோதனை. டூ-ஸ்ட்ரோக் வண்டி கிளம்பும்போது நீலப்புகை விடுவது இயல்பு. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி சூடேறிய பின்னும் நீலப்புகை கக்கினால், தேய்ந்த ரிங் வழியாகவோ வால்வு கைடு வழியாகவோ ஆயில் உள்ளே போய் எரிகிறது என்று அர்த்தம். ரிங் தேய்வுக்கு மருந்து சிலிண்டரைப் போர் செய்து பெரிய பிஸ்டன் போடுவது. ஏற்கெனவே எத்தனை முறை போர் செய்யப்பட்டது என்று கேட்பது முக்கியம், ஏனெனில் சிலிண்டர் சுவரைக் கடைந்துகொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. நெடுநாள் ஓடாமல் நின்ற டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிராங்க் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள் இறுகி வெடித்தால், அவற்றின் வழியே காற்றுப் புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். அதனால், பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் திடீரென்று பிஸ்டன் இறுகிப் பின்சக்கரத்தையும் பூட்டிவிடலாம். பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள் கிளட்ச் லீவரிலிருந்து விரலை எடுப்பதில்லை என்றால் அது வெறும் பழக்கத்தால் அன்று.

டயரில் பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ரப்பர் வயதால் இறுகி, பக்கவாட்டில் முடிக்கோடுகளாக வெடித்திருந்தால் அது மாற்ற வேண்டிய டயரே. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டினால் தளர்ந்தது மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பழைய வண்டிகள் பலவற்றின் மின்னமைப்பு 6 வோல்ட் என்பதால், இரவில் அவற்றின் விளக்கு சாலையைக் காட்டுவதைவிட வண்டி வருவதை அறிவிக்கவே உதவும்.

எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம். காகிதம் கெட்டிருந்தால் பெரும்பாலும் முடியாது. தனியார் இருசக்கர வாகனத்தின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதிச் சோதனையும் முடித்தாக வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022இல் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது; இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2025இல் 2,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயருள்ளவரின் கையொப்பம் வேண்டும்; அவர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31 வழியே வாரிசுக்குப் பதிவு மாற வேண்டும். வேறு மாநில வண்டிக்குத் தடையின்மைச் சான்று வேண்டும். 1989க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட வண்டிகளில் பல இன்னும் கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. ‘ஆன்லைனில் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதியை நம்பாமல், ஏற்றிய பின்னரே பணம் கொடுப்பது நல்லது.

சிதைந்துபோன ஒரு வண்டியின் ஆர்.சி.யை மட்டும் வைத்துக்கொண்டு, திருட்டு வண்டியின் சேசிஸில் அந்த எண்ணைப் பொறிக்கும் மோசடி, ஆர்.எக்ஸ் போன்ற விலையேறிய வண்டிகளில் அதிகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஹேண்டில்பார் கழுத்தருகே உள்ள சேசிஸ் எண்ணின் மீது வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடித்து, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால், எண்கள் தாளில் வெண்மையாக எழும். ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில் அவை வரிசையாக நின்றால் சரி; ஓரெழுத்து மட்டும் தடித்தோ, இரண்டு எண்களுக்கிடையே அரம் தேய்த்த கோடுகள் மேகம்போலப் படர்ந்தோ தெரிந்தால், அங்கிருந்து கிளம்பிவிட வேண்டியதுதான்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது பெட்ரோல். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களும் குழாய்களும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வாரம் இருமுறையாவது ஓட்டுவதும், குழாய்களைப் புதிதாக மாற்றிவிடுவதும் போதுமான காப்பு. கிடைக்காத பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற உடைப்புச் சந்தைகள் இருக்கின்றன; ஆனால் அங்கே எது எந்த மாதிரிக்குப் பொருந்தும் என்று தெரிந்த ஒருவர் உடன் வர வேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் வயதான மெக்கானிக்காகவே இருப்பார், ஏனெனில் மின்னணுப் பற்றவைப்புக்கு முந்தைய ‘பாயின்ட்’ அமைப்பைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாயின்ட் என்பது எஞ்சின் சுற்றுக்கேற்பத் திறந்து மூடி, பிளக்கில் பொறி விழ வேண்டிய கணத்தைத் தீர்மானிக்கும் சிறு தொடுமுனை ஜோடி. திறந்திருக்கும்போது அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அக்கணத்தைச் சரிபார்க்க அவர் சிகரெட் தாள் போன்ற ஒரு மெல்லிய தாள்துண்டை இரு முனைகளுக்கிடையே செருகி, அதை இலேசாக இழுத்துப் பிடித்தபடியே மறுகையால் எஞ்சினை அணு அணுவாகச் சுற்றுவார். தாள் இறுக்கம் விட்டு விரலோடு நழுவி வரும் நொடியில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பாயின்ட் தட்டை ஒரு மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடியும் தாளைச் செருகுவார். புதிதாகப் பைக் வாங்கியவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தால், ஒரே பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடக்கூடிய வேலைதான் அது.