குரலைப் பொதி கட்டி அனுப்புதல்

கடல் கடந்து வாழும் உறவினருடன் இணையத்தின் ஊடாக உரையாடுகையில், ஓரிரு சொற்கள் நறுக்கப்பட்டது போல் மறைந்துபோவதை நாம் அனைவரும் அனுபவித்திருக்கின்றோம். இணைப்பு மோசம் எனச் சலித்துக்கொள்வதோடு நின்றும் விடுகின்றோம். ஆனால், சொற்கள் தவறுவதற்கு இடமளித்தே இந்த முறைமை வகுக்கப்பட்டுள்ளது என்பதைப் பலர் அறியார்.

மின்னஞ்சல் அனுப்பப்படும்போது ஒரு பொதி தொலைந்தால் அது மீண்டும் கேட்டுப் பெறப்படுகின்றது. சற்றுப் பிந்தினாலும் முழுமையாக வந்து சேர்ந்தாற் போதும். உரையாடலின் நிலை வேறு. ஒருவழித் தாமதம் 150 மில்லி செக்கனுக்கு உட்பட்டிருந்தால் பேச்சு இயல்பாக அமையும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பாகும். வெகுநேரம் பிந்தி வரும் சொல்லை விட வராத சொல்லே மேல். ஆகவேதான் குரற்பொதிகள், போய்ச் சேர்ந்தனவா என விசாரித்துக் கொண்டிராத யூ.டி.பி. என்னும் வழியிலேயே பெரும்பாலும் அனுப்பப்படுகின்றன.

அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் 1974 ஆம் ஆண்டிலேயே குரலைப் பொதிகளாக அனுப்பும் பரிசோதனைகள் இடம்பெற்றன. எனினும், இதற்கென ஆர்.ரி.பி. என்ற பொது நெறிமுறை 1996 ஜனவரியிலேயே வெளியாயிற்று. 2003 ஜூலையில் அது திருத்தியமைக்கப்பட்டது.

சாதாரண தொலைபேசித் தரத்திலான குரல் செக்கனுக்கு 8,000 தடவைகள் அளக்கப்படுகின்றது. ஓர் அளவீட்டுக்கு ஒரு பைட். 20 மில்லி செக்கனுக்குரிய 160 பைட்டுகள் ஒரு பொதியாகின்றன. அதன் முகப்பில் 12 பைட்டுகளில் குரலின் வகை, வரிசை எண், நேரக்குறி, அனுப்புவோரின் அடையாள எண் ஆகியன பொறிக்கப்படும். ஏனைய இணைய முகப்புகளையும் சேர்த்தால் 160 பைட் சரக்குக்கு 40 பைட் உறை! 64 கிலோபிட் குரலுக்கு 80 கிலோபிட் செலவாவது இதனாலேயே.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா மீடியா பிரேம்வேர்க் போன்ற நிரலாக்க இடைமுகங்கள் இவ்வேலையைச் சில வரிகளுக்குள் அடக்கின. அமர்வொன்றை ஆரம்பித்து, பெறுநரின் முகவரியையும் துறை எண்ணையும் கொடுத்து, அனுப்பும் ஓடையொன்றை உருவாக்கித் தொடக்கினால் எஞ்சியதை இடைமுகம் பார்த்துக்கொள்ளும். பொதிகளைத் தாமே கட்ட முனைவோர்தான் இடறுகின்றனர். நேரக்குறி கடிகார நேரமன்று, அளவீடுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பொதிக்கும் அது 160 ஆல் உயர வேண்டும். பேசுபவர் மௌனமாகி, பொதிகள் நிறுத்தப்பட்டிருந்த வேளையிலும் நேரக்குறி ஓடியிருக்க வேண்டும். வரிசை எண்ணோ ஒன்றால் மட்டுமே கூடும். அப்போதுதான் இடைவெளி மௌனமா, இழப்பா என்பதைப் பெறுநரின் கணினி பிரித்தறியும்.

வரிசை எண்ணுக்கு 16 பிட்டுகளே உள்ளன. 65,535 ஐத் தொட்டதும் அது பூச்சியத்துக்குத் திரும்பும். செக்கனுக்கு 50 பொதிகள் வீதம் ஏறத்தாழ 22 நிமிடங்களுக்கு ஒருமுறை இது நிகழும். ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துத் திருப்தியடைந்த நிரலாளரின் மென்பொருள், நீண்ட உரையாடலில் திடீரென ஊமையாகிவிடலாம்.

வல்லுநர்களும் தவறினர் என்பது ஓர் ஆறுதல். ஜி.722 என்ற குரல்முறை செக்கனுக்கு 16,000 தடவைகள் அளந்தாலும், 1996 ஆம் ஆண்டின் ஆவணத்தில் அதன் நேரக்குறி வேகம் 8,000 எனப் பிழையாகப் பதிவாயிற்று. பழைய கருவிகள் செயலிழக்காதிருக்க அப்பிழை இன்றும் அவ்வாறே பேணப்படுகின்றது.

இவற்றை விடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. ஆர்.ரி.பி. பொதி தன்னளவில் திறந்த கடிதமே. வழியில் அதனைக் கைப்பற்றுபவர் உரையாடலை அப்படியே மீட்டுக் கேட்கலாம். மறைகுறியாக்கம் செய்யும் எஸ்.ஆர்.ரி.பி. 2004 மார்ச்சில் வெளியானது. இன்று இணைய உலாவிகளின் ஊடான அழைப்புகளுக்கு அது கட்டாயமாகும். ஆயினும் அதுவும் குரலை மட்டுமே மூடுகின்றது. 12 பைட் முகப்பு வெளியே தெரிந்தவாறே பயணிப்பதால், என்ன பேசப்பட்டது என்பதை அறியாதவரும், எப்போது, எவ்வளவு நேரம் பேசப்பட்டது என்பதை அறிந்துகொள்ளலாம்.