குடல் சுருக்கம்... நார்ச்சத்து எல்லோருக்கும் நல்லதா?

‘வயிறு சரியில்லையா? கீரை, வாழைத்தண்டு நிறைய சேர்த்துக்கோ!’ - எல்லா வீடுகளிலும் கேட்கும் அறிவுரை இது. பலருக்கு இது சரிதான். ஆனால், கிரோன்ஸ் நோயால் குடல் சுருங்கிப்போனவர்களுக்கு இதே அறிவுரை ஆபத்தில் கொண்டுபோய்விடலாம்.

1932-ல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த குடல் அழற்சி நோய் இது. வயிற்றுவலி, தொடர் வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவை இதன் அறிகுறிகள். நம் நாட்டில் குடல் காசநோயும் ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரும். அதுவும் குடலைச் சுருக்கும். எனவே, எந்த நோய் என்பதை முதலில் உறுதிசெய்வது அவசியம்.

தழும்பு எப்படி வருகிறது?

கையில் ஆழமாக வெட்டுப்பட்டால், ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது அல்லவா? குடலிலும் அதுதான் நடக்கிறது. கிரோன்ஸ் நோயில் அழற்சி குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் பரவும். புண் வருவதும் ஆறுவதுமாக இருக்கும்போது, அங்கே கொலாஜன் என்ற புரதம் படிந்துகொண்டே போகும். சுவர் தடித்து, விறைத்து, உணவு செல்லும் பாதை குறுகும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் இது அதிகம்.

உணவால் தழும்பைக் கரைக்க முடியுமா?

முடியாது. ஆனால், சுருக்கத்தில் வீக்கத்துக்கும் பங்கு உண்டு. மருந்தும் உணவும் சேர்ந்து வீக்கத்தைக் குறைக்கலாம். குறிப்பாக, கிரோன்ஸ் பாதித்த குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரங்கள் வரை மற்ற உணவை நிறுத்தி, ஊட்டச்சத்து பானம் மட்டுமே தரும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

பாக்கெட் உணவுகளைக் குறைப்பது நல்லது. ஐஸ்க்ரீம், சாஸ் போன்றவற்றில் சேர்க்கப்படும் சில குழைமங்கள், எலிகளின் குடலைக் காக்கும் சளிப்படலத்தைப் பாதித்து அழற்சியைத் தூண்டுவதாக 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. லேபிளில் 433, 466 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் கட்டாயம் விட வேண்டும். அது கிரோன்ஸ் நோயைத் தீவிரமாக்கும்.

சுருக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு...

* வாழைத்தண்டு, கீரைத்தண்டு, சோளம், பாப்கார்ன், பச்சைக் காய்கறி சாலட், கொய்யா விதை, முழுக்கடலை, தேங்காய்ச் சில் ஆகியவற்றைத் தவிர்க்கவும். இவை குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்ளலாம்.

* காய்கறியை ஒதுக்க வேண்டாம். சுரைக்காய், பூசணி, கேரட் போன்றவற்றைத் தோல், விதை நீக்கி, குழைய வேகவைத்து மசித்துச் சாப்பிடலாம். முருங்கைக்காயில் சதையை மட்டும் வழித்தெடுக்கலாம்.

* குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், கனிந்த வாழைப்பழம் ஏற்றவை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிர், மோர் முயன்று பார்க்கலாம்.

* மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதற்குப் பதில், ஐந்தாறு வேளையாகப் பிரித்து, நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

சுருக்கம் இல்லாதவர்கள் பயந்துபோய் நார்ச்சத்தை நிறுத்திவிடக் கூடாது. அதை நொதிக்கவைத்து குடல் பாக்டீரியாக்கள் உருவாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் பெருங்குடல் செல்களுக்கு ஆகாரம். எனவே, யாருக்கு எவ்வளவு என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவுசெய்ய வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு!

சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கும் வலி, வயிறு உப்புதல், வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமல் இருப்பது... இவை குடல் அடைப்பின் அறிகுறிகள். அப்போது பேதி மருந்தோ கஷாயமோ கொடுத்துப் பார்க்கக் கூடாது. பலூன் மூலம் சுருக்கத்தை விரிக்கவும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையில் சரிசெய்யவும் இன்று வழி இருக்கிறது.

வலி குறைந்துவிட்டதென்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. அறிகுறி தெரியாமலேயே அழற்சி உள்ளே தொடரலாம். அடுத்த தழும்புக்கு அதுவே காரணமாகிவிடும்.