போடிநாயக்கனூரின் அன்றாடமும் கரிமத்தடமும்: ஏலமலைச் சரிவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கரிமத்தடத்தைக் குறைப்பதற்கெனப் பரவலாக முன்வைக்கப்படும் அன்றாட அறிவுரைகள் பெருநகர நடுத்தர வர்க்க வாழ்வை அடியொற்றியவை. ஏலக்காய் வணிகத்தையும் மலைத்தோட்ட உழைப்பையும் நம்பி வாழும் போடிநாயக்கனூர்ப் பகுதிக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏலக்காய் உலர்த்தல், நிழல்மரப் பராமரிப்பு, தழைச்சத்து உரம், தொழிலாளர் பயணம், தொடர்வண்டி, வீட்டுப் பயன்பாடு ஆகியவற்றின் உமிழ்வுகள் எளிய கணக்கீடுகளால் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரிமத்தடம், ஏலமலை, போடிநாயக்கனூர், உலர்மனை, நைட்ரஸ் ஆக்சைடு, தோட்டத் தொழிலாளர்.

முன்னுரை

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள போடிநாயக்கனூர், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் ஊர்களுள் ஒன்றாகும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடி மற்றொன்று. செடியைக் குறிக்கும் 'ஏலம்' என்ற சொல்லும், போர்த்துக்கீசிய மொழிவழித் தமிழுக்கு வந்து விலைகூறி விற்றலைக் குறிக்கும் 'ஏலம்' என்ற சொல்லும் ஒருங்கே புழங்கும் ஊர் இது. ஏலம் ஏலம் போவதை நாள்தோறும் இங்குக் காணலாம். மலையில் விளைந்த காய் இங்கு வந்து, பெண்களின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டு வெளியூர்களுக்குச் செல்கின்றது. அடிவாரத்து மக்கள் மலைக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

இவ்வூரின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் நாள் உரைகளில் கூறப்படுபவை, பிற ஊர்களில் கூறப்படுபவையே: துணிப்பை எடுத்துச் செல்க, விளக்கை அணைக்க, மகிழுந்தைத் தவிர்க்க. மகிழுந்தே இல்லாத தொழிலாளிக்கு மூன்றாவது அறிவுரையால் ஆவது ஒன்றுமில்லை. அவ்வாறாயின் இவ்வூரின் உமிழ்வு எங்கு உள்ளது என்ற வினா எழுகின்றது.

'தடம்' என்னும் கருத்தாக்கம்

கரிமத்தடம் என்பது ஒரு செயல், ஒரு மனிதர் அல்லது ஒரு சமூகம் காரணமாக வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களின் மொத்த அளவைக் கரியமில வாயுவிற்கு ஈடாகக் கணித்துக் கூறுவதாகும். 1990களில் வில்லியம் ரீஸ், மத்தீசு வேக்கர்நேகல் ஆகியோர் வளர்த்தெடுத்த 'சூழலியல் தடம்' என்ற கருத்தாக்கத்திலிருந்து இது கிளைத்தது. இதனைத் தனிமனிதரின் அன்றாடத்தோடு பிணைத்துப் பரப்பியதில் 2000களின் முற்பகுதியில் பிபி எண்ணெய் நிறுவனம் மேற்கொண்ட விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. எண்ணெயை விற்கும் நிறுவனமே எரிப்பவரைப் பார்த்து 'உன் தடம் எவ்வளவு' என வினவியது என்பதை மறந்துவிட்டு இச்சொல்லைக் கையாளுதல் ஆய்வாளருக்கு அழகன்று. எனினும் அளவீட்டுக் கருவி என்ற வகையில் இதன் பயனை மறுக்கவியலாது.

உலர்மனையின் அடுப்பு

ஏலமலையின் தனித்த எரிபொருள் தேவை காய் உலர்த்துவதாகும். தோட்டங்களில் 'ஸ்டோர்' என வழங்கும் உலர்மனையில், அடுப்பிலிருந்து செல்லும் இரும்புக் குழாய்களின் வெப்பத்தால் காய் உலர்த்தப்படுகின்றது. பறித்த பச்சைக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். விற்பனைக்குரிய உலர்காயில் 10 முதல் 12 விழுக்காடு. காயின் பச்சை நிறமே விலையைத் தீர்மானிப்பதால் வெயிலில் காயவைத்தல் இயலாது, நிறம் வெளுத்துவிடும். மேலும் காய் எடுப்பின் பெரும்பகுதி மழைக்காலத்தோடு பொருந்தி வருகின்றது. ஆகவே 'சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துக' என்ற பொதுவான பரிந்துரை இங்கு எளிதில் செல்லுபடியாவதில்லை.

ஒரு கிலோ உலர்காய்க்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்காய் வேண்டும். மூன்றரைக் கிலோ நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை எனக் கொண்டால், மொத்தத் தேவை 8.4 மெகாஜூல். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 14 மெகாஜூல் தரும். அதாவது வெப்பம் சிறிதும் வீணாகாவிடில் ஒரு கிலோ ஏலக்காய்க்கு 600 கிராம் விறகு போதும். நடைமுறையில் புகைபோக்கி வழியாகவும் சுவர் வழியாகவும் ஈரக்காற்றோடும் வெப்பம் வெளியேறுவதால் இதைப்போல் பல மடங்கு எரிகின்றது. இந்தக் கீழ் எல்லைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியே குறைப்பதற்குரிய இடமாகும்.

அவ்விடைவெளியைக் குறைக்கும் செயல்கள் புதிய கருவிகள் எவற்றையும் வேண்டுவன அல்ல. குழாயில் படிந்த கரியை அகற்றுதல், கதவிடுக்குகளை அடைத்தல், கழுவிய காயை நீர் வடியவிட்டு ஏற்றுதல், அரைகுறைச் சுமைக்காக அடுப்பு மூட்டாதிருத்தல், விறகைக் கூரையின்கீழ் ஒரு கோடை முழுதும் உலரவிடுதல் ஆகியன போதும். விறகைப் பொறுத்தவரை ஒரு பொதுப்பிழை சுட்டத்தக்கது. பாதி ஈரமுள்ள பச்சை விறகு கிலோவிற்கு 8 மெகாஜூல்தான் தரும் என்பதால், உலர்த்தினால் ஏறத்தாழப் பாதி மரம் மிச்சம் எனச் சிலர் கணக்கிடுவர். அது எடைக்கணக்கின் மயக்கமே. பச்சை விறகின் எடையில் பாதி நீர். ஒரே மரத்தைப் பச்சையாகவும் உலர்த்தியும் எரித்தால் கோட்பாட்டளவில் வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். எனினும் ஈரவிறகு முழுமையாக எரியாமல் புகைவதால் நடைமுறை இழப்பு அதனினும் மிகுதி. அப்புகையை முதலில் உட்கொள்பவர் அடுப்பிற்கு விறகு தள்ளும் தொழிலாளி.

விறகிற்கு மாற்றாக டீசல் அடுப்பை அமைத்தல் வேலையை எளிதாக்கும். ஆனால் பாதி வெப்பம் பயன்படுவதாகக் கொண்டால்கூட ஒரு கிலோ ஏலக்காய்க்கு அரை லிட்டரை ஒட்டிய டீசல் செலவாகி, ஒன்றேகால் கிலோ கரியமில வாயு வெளியேறும். விறகு மரக்கவாத்தில் கிடைத்த கிளையாயின், அது வெளியிடும் கரிமம் அடுத்த தளிர்ப்பில் மீளும். மரத்தையே வெட்டிய விறகாயின் மீளாது. ஆகவே விறகா டீசலா என்பதைவிட விறகு எங்கிருந்து வந்தது என்பதே முதன்மையான வினாவாகின்றது.

நிழல்மரமும் யூரியா மூட்டையும்

ஏலம் நிழலில் வளரும் செடி. பலா, சந்தன வேம்பு முதலிய மரங்களின் கீழ்ப் பயிரிடப்பட்டதாலேயே ஏலமலை காடு போலவே நின்றது. ஞள்ளானி என்னும் உயர்விளைச்சல் வகை பரவிய பின்னர், மிகுந்த ஒளி வேண்டிக் கவாத்து ஆழமானது. உரமும் பூச்சிமருந்தும் பெருகின.

இங்கு இரு கணக்குகள் உதவும். பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் பொது அளவுப்படி, மண்ணில் இடப்படும் தழைச்சத்தில் ஒரு விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். அவ்வாயுவின் வெப்பமேற்றும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. அதிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு 89 கிலோ கரியமில வாயுவிற்கு ஈடாகும். யூரியா மண்ணில் சிதையும்போது வெளிவரும் 33 கிலோவையும் சேர்த்தால் 122 கிலோ. இது 45 லிட்டர் டீசல் எரிப்பதற்குச் சமம். ஆலையில் யூரியா உருவாகும்போது நேரும் உமிழ்வு இதில் சேரவில்லை. மற்றொரு கணக்கு மரத்தைப் பற்றியது. ஒரு டன் உலர் எடையுள்ள நிழல்மரம் தன்னுள் வைத்திருக்கும் கரிமம் 1.7 டன் கரியமில வாயுவிற்கு ஈடு. ஏறத்தாழப் பதினான்கு மூட்டை யூரியாவிற்குச் சமம்.

மண் ஆய்வின்படி உரமிட்டு ஆண்டுக்கு ஒரு மூட்டையைக் குறைத்த சிறுதோட்டக்காரர் செய்ததை, ஓராண்டு முழுதும் துணிப்பை சுமந்தவர் செய்ததோடு ஒப்பிட இயலாது. பெருமழைக்கு முன்னர் உரமிடாமல், சிறுசிறு தவணையாக இடுவதும் பயன் தரும். தொழுவுரத்திற்கு மாறினாலே போதும் என்பதும் முழு உண்மையன்று. அதிலுள்ள தழைச்சத்தும் நைட்ரஸ் ஆக்சைடைத் தரும். மிகுதியாக இடாமையே இங்கு வேண்டப்படுவது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் வறட்சியும் வெப்பமும் இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களைப் பெரிதும் அழித்தன. நிழல் குறைந்த தோட்டம் வெப்பத்தைத் தாங்காது என்பதால், கரிமத்திற்காக மரத்தைக் காப்பதும் பயிருக்காக மரத்தைக் காப்பதும் இங்கு வேறுவேறல்ல.

மலை ஏறும் ஜீப்

போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் விடியலில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் மலைத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒருவழி 35 கிலோமீட்டர், லிட்டருக்குப் 10 கிலோமீட்டர், வண்டிக்குப் 12 பேர் எனக் கொண்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.56 கிலோ கரியமில வாயு. ஆண்டிற்கு 250 வேலைநாளில் 390 கிலோ. ஆண்டுக்கு ஆறு எரிவாயு உருளை பயன்படுத்தும் குடும்பம் ஒன்றின் சமையல் உமிழ்வு ஏறத்தாழ 255 கிலோ. வேலைக்குச் சென்று திரும்புவதன் தடம் குடும்பம் முழுவதன் அடுப்பைவிடப் பெரிது.

இக்கணக்கில் ஓர் இடர் உண்டு. வண்டியில் 12 பேருக்குப் பதில் 18 பேரைத் திணித்தால் ஒருவருக்கான உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு குறையும். காகிதத்தில் அது சாதனையாகத் தோன்றும். அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்புகள் மலைச்சாலையில் விபத்துக்குள்ளாவதை நாளிதழ்களில் படிப்போர் அதனைச் சாதனை என ஏற்கமாட்டார்கள். தலைக்கணக்கு உமிழ்வு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வறுமையே பசுமையாகிவிடும். மாறாக, 50 பேர் அமரும் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினாலும் ஒருவருக்கு 0.94 கிலோதான், உமிழ்வு 40 விழுக்காடு குறைவதோடு பயணமும் பாதுகாப்பானதாகின்றது. தோட்டத்தின் உட்சாலைகளில் பேருந்து நுழையாது என்பது உண்மையே. பிரதான சாலை வரை பேருந்து, அதற்கப்பால் சிறு வண்டி என்ற ஏற்பாடு அதற்குத் தீர்வாகலாம்.

தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை அமைக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையும் இங்குக் கருதத்தக்கது. பயணத் தொலைவு குறையும். ஆனால் வழி காட்டினூடே செல்கின்றது. மிச்சமாகும் டீசலையும் இழக்கப்படும் மரங்களையும் ஒரே அலகில் எடைபோட்டுப் பார்க்காமல் இரு தரப்பும் பேசிவருகின்றன.

தொடர்வண்டி

மலையிலிருந்து பொருள் இறங்கிய வரலாறு வேறொரு பாடத்தையும் தருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேசனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளை இருப்புப்பாதையை அழித்தது. 1928இல் மதுரை–போடி தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட சேவை, 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 சூன் மாதம் போடி வரையிலும் மீண்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் 'பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துக' என்ற அறிவுரையைப் போடி மக்கள் பேருந்தில் மட்டுமே கடைப்பிடித்திருக்க இயலும்.

மதுரைக்கு 90 கிலோமீட்டர். ஒருவர் தனியே மகிழுந்தில் சென்றால் ஏறத்தாழ 11.5 கிலோ, இருசக்கர வண்டியில் 4 கிலோ, நிறைந்த பேருந்தில் 1 கிலோ. பேருந்திலிருந்து தொடர்வண்டிக்கு மாறுவதைவிட மகிழுந்திலிருந்து இவ்விரண்டில் ஒன்றிற்கு மாறுவதே பெருமாற்றமாகும்.

வீட்டுப் பயன்பாடு

வீட்டளவில் கூறத்தக்கவை சில. பழைய 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி, நாளுக்குப் 12 மணிநேரம் ஓடினால், ஆண்டிற்கு 197 அலகு மின்சாரம் மிச்சம், அலகிற்கு 0.7 கிலோ வீதம் 138 கிலோ கரியமில வாயு. போடியின் பழந்தொழிலான இலவம்பஞ்சு மெத்தை, பெட்ரோலிய மூலப்பொருளால் ஆன நுரைமெத்தைக்கு உள்ளூரிலேயே கிடைக்கும் மாற்று. 2021 திசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் பயன் ஓடைகளுக்கும் கால்நடைகளுக்கும் உரியது. கரிமக் கணக்கில் அதன் பங்கு சிறிது.

கணக்கு யார் பெயரில்?

உள்ளாட்சி அளவிலான முயற்சிகளுக்கு முன்மாதிரிகள் உள்ளன. கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவித் தன் மின்தேவைக்கு ஈடுசெய்து, எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்றது. வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016இல் கரிமச் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கி, முதலில் உமிழ்வைக் கணக்கெடுத்தது. பின்னர் மரங்களைப் பிணையாகக் கொண்டு உழவர்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கியது. மரத்தை நிற்கவிடுவதற்குப் பணமதிப்பு அளித்த இரண்டாவது முறையே ஏலமலைக்கு நெருக்கமானது.

ஆனால் மீனங்காடியின் தோட்டமும் வீடும் ஒரே ஊராட்சிக்குள் அடங்கும். போடியின் நிலை அதுவன்று. தொழிலாளி உறங்குவது தமிழ்நாட்டில். அவர் உழைக்கும் தோட்டத்தில் பெரும்பகுதி கேரளத்தில். காய் உலர்வது அங்கே, ஏலம் போவது இங்கே. போடி நகராட்சி தன் எல்லைக்குள் மட்டும் உமிழ்வைக் கணக்கெடுத்தால் உலர்மனை விறகும் யூரியாவும் அதில் இடம்பெறா. விடியற்கால ஜீப்பின் டீசல் மட்டும் இங்கு நிரப்பப்படுவதால் இவ்வூரின் கணக்கில் ஏறும். பணியாளரின் பயணத்தைப் பணியளிப்பவரின் உமிழ்வாகப் பதிவது பன்னாட்டு நிறுவனக் கணக்கியலில் ஏற்கப்பட்ட வழக்கம். அதே வழக்கம் ஏலத்தோட்டத்திற்கும் பொருந்துமாயின், ஒரு பெண் தொழிலாளியின் பெயரில் எழுதப்படும் 390 கிலோ தோட்டத்தின் ஏட்டிற்கு மாறும். அவருடைய சொந்தத் தடமாக எஞ்சுவது அடுப்பும் இரண்டொரு விளக்குகளும் ஒரு விசிறியும்.