பராமரிப்புக்கு ஒரு பத்திரம்

ஏஜென்சியை விட்டு விலகித் தனியாகத் தொழில் செய்யும் ஹோம் நர்ஸ்களுக்கு வாய்ப்பேச்சு போதாது.

கொச்சியின் புறநகரான காக்கநாட்டில் 2004இல் இன்ஃபோபார்க் வந்தது. பின்னாலேயே அடுக்குமாடிகளும் வந்தன. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்க, வீட்டில் படுக்கையோடு ஒருவர் இருப்பார். அவரைக் குளிப்பாட்ட, ஊட்டிவிட, சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒரு ஆள் வேண்டும். கேரளத்தில் அந்த ஆளுக்குப் பெயர் ஹோம் நர்ஸ். பெயரில்தான் நர்ஸ், பலர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்ல.

பெரும்பாலும் ஏஜென்சிதான் ஆளை அனுப்பும், கமிஷனும் எடுத்துக்கொள்ளும். அனுபவம் கைவந்ததும் சிலர் தனியே இறங்குகிறார்கள். கமிஷன் மிச்சமாகிறது. ஆனால் தகராறு வந்தால் பேச ஆள் இல்லை. சம்பளத்தைப் போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். முதல் மாதம் சுமுகமாக ஓடும். அடுத்த மாதம் மீன் கழுவுவதும் துணி துவைப்பதும் வேலையில் சேர்ந்துகொள்ளும். நோயாளி பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? இரவில் நான்கு முறை எழுந்தால் அது ஓய்வா, வேலையா? முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், வலுத்தவர் சொல்வதே சட்டம்.

நாட்டின் சட்டம் இவர்களை அறியாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பவர் எல்லோரையும் 'பராமரிப்பாளர்' என்றே வரையறுக்கிறது. ஆனால் அந்த ஊதியம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்று அது சொல்லவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதே 2025 ஜனவரியில்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை, பணி நிபந்தனைகள் முடிந்தவரை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2011இல் அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, பிறகு அதை ஏற்புறுதி செய்யவில்லை.

மிஞ்சுவது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் நிரூபிப்பது யார் பாடு? இரண்டு பக்கத்தில், இருவருக்கும் புரியும் மொழியில், ஆளுக்கொரு பிரதியாக எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

என்ன எழுதுவது? முதலில் வேலைப் பட்டியல். அதைவிட முக்கியம், செய்யாத வேலைகளின் பட்டியல்: ஊசி போடுவது, குடும்பத்துக்கே சமைப்பது, ஏ.டி.எம். கார்டைக் கையாள்வது. அடுத்து நேரம். இரவுப் பணி என்றால் விழித்திருக்கும் இரவா, அழைத்தால் மட்டும் எழும் இரவா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே கூலி நியாயமில்லை. வார விடுமுறை, சாப்பாடு, சம்பளத் தேதி, கடைசி நேரத்தில் வரவேண்டாம் என்றால் என்ன தருவது, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவையும் வேண்டும்.

உடம்பும் கணக்கில் வர வேண்டும். கனமானவரைத் தனியே தூக்கி இடுப்பை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருகிறது. இடுப்பு வலிக்கு அதில் இடமில்லை. எனவே 'தூக்க இரண்டு பேர்' என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய ஷரத்து.

பழைய ஏஜென்சியின் மிரட்டல் தனிக்கதை. வேலையை விட்ட பிறகும் அதே தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால், 27ஆம் பிரிவின்படி அந்தத் தடை செல்லாது. ஏஜென்சியில் இருந்துகொண்டே மீறினால் நிலைமை வேறு.

எல்லாவற்றையும்விட நுணுக்கமான கேள்வி: கையெழுத்து யாருடையது? பலரும் மகனையோ மருமகளையோ தேடுகிறார்கள். 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. கால் நடக்காதவருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடவில்லை. யார் தன்னைக் குளிப்பாட்டுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஆனால் பராமரிப்பாளரே படித்துக் காட்டி, அவரே கைநாட்டும் வாங்குவது கூடாது. ஆதாயம் மோதும் இடத்தில் உதவியாளர் விலகி நிற்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். வெளியாள் ஒருவர் படித்துக் காட்டிச் சாட்சியாக நிற்பது இருதரப்புக்கும் பாதுகாப்பு.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கலாம். எர்ணாகுளம் கலெக்டர் அலுவலகம் இருப்பது இதே காக்கநாட்டில்தான். வீட்டில் பாலியல் தொல்லை நேர்ந்தால் பணிப்பெண் 2013 சட்டப்படி மாவட்டப் புகார்க் குழுவிடம் போகலாம், வீடும் பணியிடமே.

ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய ஊனக் காப்பீட்டுத் திட்டத்தில், தனியாகத் தொழில் செய்யும் பணியாளர்கள் சேவை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வழக்கம். அங்கே பணம் அரசுடையது. இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பிலிருந்து இன்னொரு குடும்பத்தின் அடுப்புக்குப் போகிறது. தாளில் எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் வீட்டுச் சாவியையும் படுக்கையில் இருப்பவரையும் ஒப்படைக்கும் இடத்தில், நம்பிக்கைக்கும் ஒரு பிரதி இருப்பது நல்லது.