உதவியாளர் வேலைக்குப் போகும் செவிலியர் கவனத்துக்கு

நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கோ, மூன்று வருட ஜி.என்.எம்.மோ முடித்துப் பதிவு எண்ணும் வாங்கியாகிவிட்டது. பெரிய மருத்துவமனைக்குப் போனால் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கல்விக் கடன் தவணை தொடங்கிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் வேறு வேலைகள் கதவைத் தட்டும்: நர்சிங் அசிஸ்டென்ட், வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியில் அட்டெண்டர், லண்டன் பக்கம் கேர் அசிஸ்டென்ட். "சும்மா இருக்கிறதுக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஆகட்டுமே" என்பார்கள்.

ஆகாது. அந்த வேலை இழிவானது என்பதால் அல்ல. நோயாளியைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுகிறவர்கள் இல்லாமல் எந்த வார்டும் ஒரு நாள்கூட ஓடாது. ஆனால் அது செவிலியர் அனுபவமாகக் கணக்கில் ஏறாது. நாளைக்கு வளைகுடா நாடு ஒன்றுக்கு விண்ணப்பித்தால் உங்கள் அனுபவச் சான்றிதழ் டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள்: என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. "பேஷன்ட் கேர் அசிஸ்டென்ட்" என்று பதில் வந்தால் அந்த இரண்டு வருடம் பூஜ்யம். "அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ்னு போட்டுத் தர்றோம்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். பதிவேட்டில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றுமாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அனுபவம்தான் ஏறாதே தவிர, பொறுப்பு ஏறும். இதைப் பலரும் யோசிப்பதில்லை. இரவு இரண்டு மணி, முப்பது நோயாளிக்கு ஒரே ஸ்டாஃப் நர்ஸ். "சிஸ்டர், நீங்களும் நர்ஸ்தானே, நாலாம் பெட்டுக்கு அந்த ஊசியை மட்டும் போட்டுருங்களேன்" என்று கேட்பார். போட்டால், உங்கள் நியமனத்தில் இல்லாத வேலையைச் செய்தவர் ஆகிறீர்கள். கேஸ் ஷீட்டில் கையெழுத்து வேறொருவருடையதாக இருக்கும். போடாமல், நோயாளி மூச்சுத் திணறுவதைப் பார்த்தும் சொல்லாமல் இருந்தாலும் தப்ப முடியாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநில நர்சிங் வாரியம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: எந்தப் பதவியில் இருந்தாலும், உரிமம் பெற்ற செவிலியர் தன் படிப்புக்கும் உரிமத்துக்கும் உரிய பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. சம்பளம் உதவியாளருக்கு, விசாரணை வந்தால் செவிலியருக்கு.

வெளிநாட்டு ஆசை தனிக் கதை. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாக் கதவைத் திறந்தது. முதலில் கேர் அசிஸ்டென்டாகப் போய், அங்கிருந்தே நர்ஸ் ஆகிவிடலாம் என்று ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு நடத்தை விதி, கேட்டவர் யார்? 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துச் செல்லும் வசதி போனது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு ரத்து செய்தது. அவற்றோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000-க்கும் மேல். முதலாளியின் உரிமம் போனால் வேறு ஸ்பான்சரைத் தேடப் பொதுவாகக் கிடைப்பது 60 நாள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு ஒரு சிறு வழி உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் அரை மதிப்பெண்ணில் தவறியவர்கள், ஓராண்டு பிரிட்டனில் பராமரிப்புப் பணி செய்திருந்தால், மொழித் திறனுக்கு மேலாளரின் சான்றைத் தரலாம் என்று 2023-ல் அங்குள்ள செவிலியர் கவுன்சில் அனுமதித்தது. ஆனால் சான்று தரும் மேலாளர் பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். முதியோர் தங்கும் இல்லங்கள் பலவற்றில் செவிலியரே கிடையாது. அதையும் தாண்டினால் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்கள். டயப்பர் மாற்றியும் நோயாளியைத் தூக்கும் எந்திரத்தை இயக்கியும் இரண்டு வருடம் ஓட்டிய கைக்கு மருந்தளவுக் கணக்கும் நோயாளி மதிப்பீடும் சட்டென்று திரும்பி வராது.

அப்படியானால் சும்மா இருப்பதா? இல்லை. தாலுகா ஊரில் இருபது படுக்கை நர்சிங் ஹோமானாலும், நியமன ஆணையில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று இருந்தால் போகலாம். சம்பளம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. சின்ன ஊர்களில் அதில் பாதிகூடக் கொடுக்காத இடங்கள் உண்டு. அந்த அநியாயம் வேறு கட்டுரைக்கு உரியது. இருந்தாலும், உதவியாளராக இரண்டாயிரம் கூடுதலாக வாங்குவதைவிட இது மேல். டயாலிசிஸ், ஐ.சி.யு., லேபர் வார்டு கிடைத்தால் விடாதீர்கள்.

வேறு வழியே இல்லாமல் உதவியாளராகச் சேர்ந்தால், கடன் அடைக்கும் வேலை என்று மட்டும் நினைத்துச் சேருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். வெளிநாடு என்றால், ஏஜெண்டைப் பார்க்கும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும், பதவியின் பெயரை எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.